பருந்து மனிதன் ‘பார்ட் டூ’

மைதாப் பசையை ஒரு நாள் வைத்திருந்தால் புளித்துப்போய் ஒரு வாடை அடிக்கும். கோவில்பட்டியில் எங்கள் தெருவில் வளர்ந்தவர்களுக்கு அந்த வாடை பழகிப்போன ஒன்று. வீட்டுக்குள் தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டுவதும், வெளியே சுவரில் சினிமாப் போஸ்டர் ஒட்டுவதும் அதே பசைதான். நான் ஏழாம் வகுப்புப் படித்தபோது, அரையாண்டு லீவு தொடங்கிய ஒரு காலையில் பால் வாங்கப் போனவள், அந்த வாடை வந்த பக்கம் திரும்பிப் பார்த்தால், பள்ளிக்கூடச் சுவரில் ஈரம் காயாமல் பருந்து மனிதன் இறக்கையை விரித்துக்கொண்டு நின்றான். தமிழ் பேசும் அந்த வெள்ளைக்காரப் படத்துக்கு, ஒரு வருஷமாக நாங்கள் எதிர்பார்த்துக் கிடந்த இரண்டாம் பாகம் வந்தேவிட்டது. ஆனால் தலைப்புக்குப் பக்கத்தில் ‘2’ என்ற எண் மட்டும் ஒரு மஞ்சள் துண்டுக் காகிதத்தில் தனியாக அச்சாகி மேலே ஒட்டப்பட்டிருந்ததைப் பார்த்ததும், சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் எனக்குச் சந்தேகம்தான் வந்தது.

சந்தேகப்படுவது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கூடவே பிறந்தது. சந்தையில் ஒற்றை முயல் லேபிள் நன்றாக ஓடுகிறது என்றால், கொஞ்ச நாளில் இரட்டை முயல் வந்துவிடும். அதே சிவப்பு, அதே புல்தரை, முயல் மட்டும் ஒன்று கூடுதல். என் தோழி ஜெயந்தியின் அப்பா சின்னதாக ஒரு தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்தார், எங்கள் பக்கம் தொழிற்சாலையை ‘ஆபீஸ்’ என்றுதான் சொல்வோம். அவர் அடிக்கடி, “ஓடுத மாலுக்குத்தாம்மா டூப்ளிகேட் வரும், ஓடாததுக்கு எவன் மெனக்கெடுவான்” என்பார். எங்கள் ஊர்த் தியேட்டர்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. மழை பெய்கிற மாதிரிக் கோடு விழுந்த பழைய படத்துக்கெல்லாம் ‘புத்தம் புதிய காப்பி’ என்று துண்டு ஒட்டி எங்களை உட்காரவைத்தவர்கள். ஆகவே இது போன வருஷத்துப் படமேதான், மேலே ஒரு ‘2’ போட்டு ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்று நானும் ஜெயந்தியும் அன்று மத்தியானத்துக்குள் முடிவு கட்டிவிட்டோம்.

இல்லவே இல்லை, இது உண்மையான பார்ட் டூதான் என்று சாதித்தவள் மாரி. மாரியின் அம்மா புதியம்புத்தூரில் ஒரு ரெடிமேட் கம்பெனியில் தையல் வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து தலைவாரிவிட்டுப் போவார். மாரி எங்கள் தெருவில் பெரியம்மா வீட்டில் வளர்ந்தாள், அந்தப் பெரியம்மா மகன்தான் தியேட்டரில் படம் ஓட்டும் ஆபரேட்டர். முதல் பாகத்தில் பருந்து மனிதன் இறக்கை முறிந்து கடலில் விழுவதோடு படத்தை முடித்து எங்களையெல்லாம் அழவைத்திருந்தார்கள். அடுத்த வாரமே மாரி, மேற்கொண்டு என்ன நடக்கிறது என்று அண்ணன் சொல்லிவிட்டான் என்று ஆரம்பித்தாள்.

அவள் சொன்ன கதையை நான் இன்றைக்கும் வரி பிசகாமல் சொல்லுவேன். கடல் அவனைக் கரையில் ஒதுக்குகிறது. அங்கிருந்து, எங்கள் கரிசல் காடு மாதிரியே வெடித்துக் கிடக்கும் ஒரு நிலத்துக்குத் தவழ்ந்து போய்ச் சேருகிறான். வைத்தியர்கள் எல்லோரும் கையை விரித்துவிடுகிறார்கள். அப்போது சின்ன வயதில் அவனை விட்டுப் பிரிந்த அம்மா, எங்கேயோ தூரத்திலிருந்து கடைசி பஸ்ஸைப் பிடித்து வந்து, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல், முறிந்த இறக்கையை மடியில் போட்டு ஓவர்லாக் மிஷினில் தைத்துக் கொடுக்கிறாள். அந்த இடம் வரும்போதெல்லாம் மாரியின் குரல் இறங்கிவிடும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேறு வகுப்புப் பிள்ளைகள்கூட வந்து உட்கார்ந்து கேட்பார்கள். ஓட்டத்திலோ படிப்பிலோ பெயர் வாங்காத மாரிக்கு அந்த ஒரு வருஷம் பள்ளிக்கூடத்தில் கிடைத்த மரியாதை எல்லாம் அந்தக் கதையால் வந்ததுதான்.

ஜெயந்திக்கு மட்டும் ஆரம்பத்திலிருந்தே நம்பிக்கை இல்லை. வெள்ளைக்காரன் படத்தில் ஓவர்லாக் மிஷின் எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். போஸ்டர் வந்த அன்று, எல்லோர் முன்னாலும் வைத்துச் சொல்லியும் விட்டாள்: “படத்துல அம்மா வரலன்னு வையி, ஒங்கூட நாங்க எல்லாரும் டூ.” எங்களுக்குள் ‘டூ’ விடுவது சாதாரண விஷயம் இல்லை. டூ விட்டால் பேச்சு கிடையாது, விளையாட்டில் சேர்க்க மாட்டோம், தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டோம். பெரியம்மா வீட்டில் அதட்டலைத் தவிர வேறு பேச்சுக் கேட்காத மாரிக்கு எங்களை விட்டால் வேறு யாரும் இல்லை என்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும். அவள் பாவாடை நாடாவைத் திருகிக்கொண்டு நின்றாள்.

ஜெயந்தியின் சித்தியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு மூவரும் மாட்னிக்குப் போனோம். சித்தி விளக்கு அணைந்ததும் தூங்கிப்போனார். நாங்கள் படம் பார்த்தோம் என்று சொல்ல முடியாது, போலீஸ்காரர்கள் மாதிரிச் சோதனை போட்டோம். பருந்து மனிதன் வாயைத் திறந்ததுமே ஜெயந்தி என் தொடையைக் கிள்ளினாள். போன படத்தில் கணீரென்று தமிழ் பேசியவன் இதில் மூக்கடைத்தவன் மாதிரிப் பேசினான். இறக்கை முன்பு பழுப்பு நிறம், இப்போது நீலம். அவன் கரைக்கு ஒதுங்கவே இல்லை; ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் படுத்திருந்தான், கோட்டுப் போட்ட ஒருவர் ஊசி போட்டதும் எழுந்து பறந்துவிட்டான். இடைவேளையில் முறுக்கும் கலர் சோடாவும் வாங்கிக்கொண்டு வந்த ஜெயந்தி, அம்மா இன்னும் வரவில்லையே என்று மாரியைப் பார்த்துக் கேட்டாள். இனிமேல்தான் என்று மாரி சொன்னது எங்களுக்கே சரியாகக் காதில் விழவில்லை. இடைவேளைக்குப் பிறகு ஒவ்வொரு முறை கதவு திறக்கும் காட்சி வரும்போதும் நான் அந்த அம்மாவைத்தான் தேடினேன். கடைசிச் சண்டை முடிந்து, ஊரே கைதட்டி, திரை வெள்ளையாகும் வரைக்கும் எந்த அம்மாவும் வரவில்லை.

வெளியே வெயிலில் கண் கூசியது. சித்தி செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். மாரி எங்களைப் பார்க்காமல் சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள், அவளுக்கான தீர்ப்பு ஜெயந்தி வாயில் இருந்தது. ஜெயந்தி அவசரப்படவில்லை. தியேட்டர் சுவரிலும் ஒட்டியிருந்த அதே போஸ்டர் பக்கம் போய், அந்த மஞ்சள் துண்டின் ஓரத்தை, தன் அப்பா ஆபீஸில் லேபிளைச் சோதிப்பது போலவே, நகத்தால் நெம்பிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

“ஏட்டி, கொரலு வேற, ரெக்க கலரு வேற, ரெண்டாம் நம்பரையும் தனியா ஒட்டிருக்காவ. இது டூப்ளிகேட் படம். மாரி சொல்லுததுதான் ஒரிஜினல்.”

எனக்கு உயிர் வந்தது. அப்படி ஒரு வழி இருப்பதே எனக்குத் தோன்றியிருக்கவில்லை. ஜெயந்தி சொன்ன மாத்திரத்தில் நூற்றுக்கு நூறு உண்மை என்றே நம்பினேன். தலையாட்டியிருந்தால் மாரி தப்பித்திருப்பாள். ஆனால் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

“இல்லட்டி. இதுதான் நெசப் படம். அண்ணன் ஒண்ணுமே சொல்லல. அம்மா வாரது நானா சேத்தது.”

ஜெயந்தி தன் பாவாடை நுனியால் மாரியின் மூக்கைத் துடைத்துவிட்டு, இந்தப் படம் எடுத்தவனுக்கு ஒன்றும் தெரியவில்லை, உன்னிடம் கேட்டு எடுத்திருக்கலாம் என்றாள். ‘டூ’ என்ற பேச்சே அதற்குப் பிறகு வரவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம், அந்த அம்மா தைத்து முடித்தபின் மகனோடு தங்கினாளா, மறுபடி பஸ் ஏறிவிட்டாளா என்று நாங்கள் இருவரும் மாற்றி மாற்றி மாரியைக் குடைந்துகொண்டே வந்தோம். தங்கிவிட்டாள் என்று மாரி சொன்னாள்.

அந்தத் தியேட்டர் இப்போது மெத்தை, கட்டில் அடுக்கும் குடோன். போஸ்டருக்குக் காத்திருப்பவர்களும் இல்லை. என் மகன் ஒரு படம் வருவதற்கு முன்பே அதில் யார் சாகிறார்கள் என்பதுவரை சொல்லிவிடுகிறான். அதில் எனக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. வருத்தம் வேறு. போன வைகாசியில் மாரி என் வீட்டுக்கு வந்திருந்தாள். மணியாச்சியில் இருக்கிறாள், வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் வேலை. எப்போதும்வென்றான் என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து மேய்ச்சலுக்கு வந்த ஆட்டுக் கிடை ஒன்று தண்டவாளத்தில் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மறுத்ததையும், கூட்ஸ் வண்டி டிரைவர் இறங்கி வந்து ஆடுகளிடம் கையெடுத்துக் கும்பிட்டதையும், பழைய மாதிரியே குரலை இறக்கிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்படியும் நடக்குமா என்று தோன்றியது. என்னையறியாமல் என் கை கைப்பேசியை எடுத்து, அந்தச் செய்தியைத் தேட ஆரம்பித்தது.

மாரி பேச்சை நிறுத்திவிட்டாள்.

“அதுலயே பாத்துக்கோ,” என்று மட்டும் சொல்லிவிட்டு டீயைக் குடித்தாள். முகத்தில் கோபம்கூட இல்லை. நான் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மேலே சொல்லு, சொல்லு என்று எவ்வளவோ கெஞ்சினேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்துவிட்டாள். அந்த ஆடுகள் எழுந்தனவா, வண்டி கிளம்பியதா என்பது இதுவரை எனக்குத் தெரியாது. கைப்பேசியிலும் இல்லை.