செராக்ஸ் கடை ஸ்டேட்டஸில் ஒரு புத்தகம்

செராக்ஸ் கடைக்காரி கை வழியாக ஒரு நாளைக்கு எத்தனையோ பக்கங்கள் போகும்; படிக்கிற மாதிரி ஒன்றுகூட இருக்காது. பட்டா, ஆதார், சாதிச் சான்றிதழ், மறுபடியும் ஆதார். கல்லாவுக்குக் கீழே கதைப் புத்தகத்தை ஒளித்து வைத்துப் படிக்கும் சக கடைக்காரர்களே, என் பாட்டை நீங்களாவது கேளுங்கள்.

ஒரு செட்

திருவண்ணாமலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற தெருவில் என் கடை. என் வீட்டுக்காரர் இருந்தவரை, கடையைச் சாத்திவிட்டு வண்டியில் வீடு திரும்பும் வழியெல்லாம், அன்று படித்த கதையை அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே போவேன். அவர் ஒரு புத்தகத்தையும் தொட்டவரில்லை. ஆனால் கதை நல்ல இடத்துக்கு வந்தால் வண்டியை மெதுவாக்கிவிடுவார். இப்போது அவர் இல்லை, வீட்டில் நான் மட்டும்தான். கதை சொல்ல ஆளில்லாதது இவ்வளவு பெரிய குறையாகும் என்று நான் நினைத்ததேயில்லை.

பிரிண்ட் எடுக்க ஃபைல் அனுப்புவதற்காக ஊரில் பாதிப் பேரிடம் என் வாட்ஸ்அப் நம்பர் இருக்கிறது. சரி என்று, படிக்கிற புத்தகத்தின் அட்டையைப் படம் பிடித்து, பிடித்த வரி ஒன்றையும் சேர்த்து ஸ்டேட்டஸில் போட ஆரம்பித்தேன். யாராவது ஒருவர் என்ன கதை என்று கேட்க மாட்டார்களா என்ற நப்பாசைதான். கேட்டார், கீழ்பென்னாத்தூர் வேர்க்கடலை வியாபாரி ஒருவர். தன் பையன் பரீட்சைக்குத் தயாராவதாகவும், இதில் ஒரு செட் செராக்ஸ் போட்டு வைக்கும்படியும் சொன்னார். அது பாடப் புத்தகமில்லை, வெறும் கதை என்றேன். அவர் விடவில்லை.

“பரவால்லம்மா, போட்டு வைங்க. எதுல இருந்து கேள்வி கேப்பானுங்கன்னு யாருக்குத் தெரியும்!”

தினமும் பார்க்கிறவர்

ஸ்டேட்டஸை யார் யார் பார்த்தார்கள் என்று போனே சொல்லிவிடும். தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுக்கும் ஒருவர் பெயர் தினமும் தவறாமல் அதில் இருக்கும். எனக்கு உள்ளூர சந்தோஷம். போகப் போக, அவருக்குப் பிடிக்குமா என்று யோசித்து வரிகளைத் தேர்ந்தெடுக்கவே தொடங்கிவிட்டேன். சிரிக்காதீர்கள், தனியாக இருப்பவர்களுக்கு இதெல்லாம் நடக்கும்.

ஒரு நாள் கடைக்கு வந்தவரிடம், நேற்றுப் போட்ட வரி எப்படி இருந்தது என்று கேட்டேன்.

“அதுவா மேடம்? நான் வரிசையா தள்ளிக்கினே போவேன், நடுவுல உங்களுது வந்துடுது.”

பௌர்ணமிக்கு வந்த அம்மா

பௌர்ணமியன்று கிரிவலத்துக்கு வரும் வெளியூர்க்காரர்கள் ஊருக்கு டிக்கெட் பிரிண்ட் எடுக்க வந்துகொண்டேயிருப்பார்கள். அப்படி மத்தியானம் ஒரு அம்மா வந்தபோது கரண்ட் போய்விட்டது. உட்காரச் சொன்னேன். கல்லா மேல் கிடந்த என் புத்தகத்தை அவரே எடுத்துப் புரட்டினார். புரட்டியவர் முதல் பக்கத்துக்குப் போய் நிதானமாகப் படிக்கத் தொடங்கினார். கரண்ட் வரக் கூடாது என்று அந்த அண்ணாமலையாரையே வேண்டிக்கொண்டேன். கடை வைத்திருப்பவள் வேண்டுகிற வேண்டுதலா அது?

கரண்ட் வந்தது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்தார். பிடித்திருந்ததா என்று ஆசையாகக் கேட்டேன்.

“போன்ல சுத்தமா சார்ஜ் இல்லீங்க, அதான்.”

வீடு எந்தத் தெரு?

அடுத்து எடுத்தது ஒரு விதவையின் கதை. அட்டையில் ஓட்டு வீடு ஒன்றின் படம், பெரிதாக. உள்ளே அவள் ஓரிடத்தில் இப்படிச் சொல்கிறாள்: ‘வீட்டை விற்பதென்று முடிவு செய்துவிட்டேன். இனி இந்த ஊரில் எனக்கு யார்?’ எனக்காகவே எழுதியது போலிருந்தது. அழுதேன் என்றே சொல்லிவிடுகிறேன். தலைப்பு விழாமல் வீடு மட்டும் அழகாகத் தெரியும்படி அட்டையைப் படம் பிடித்து, கீழே அந்த வரியைப் போட்டேன்.

அத்தனை நாள் வாயே திறக்காத என் வாட்ஸ்அப் அன்று ஓயவேயில்லை. எனக்கென்று எழுதியவர்கள் இத்தனை பேரா என்று அவசர அவசரமாகத் திறந்தேன். முதலில் இருந்தவர் ஒரு புரோக்கர்.

“மேடம், வீடு எந்தத் தெரு? பத்திரம் யார் பேர்ல கீது?”

அண்ணி

மறுநாள் காலை அடி அண்ணாமலையிலிருந்து என் வீட்டுக்காரரின் அக்கா ஆட்டோவில் வந்து இறங்கினார். காரியம் முடிந்த பிறகு என் கடைப் பக்கமே வராதவர். மருமகள் ஸ்டேட்டஸைப் படித்துக் காட்டியிருக்கிறாள். “என் தம்பி பார்த்துப் பார்த்துக் கட்டின வூட்ட விக்கறியாமே? எங்கள ஒரு வார்த்த கேக்கத் தோணலையா ஒனக்கு?” என்றார். தெருவே திரும்பிப் பார்த்தது. புத்தகத்தை எடுத்துக் காட்டினேன். நம்பவில்லை. வேறு வழியில்லாமல் முதல் பக்கத்திலிருந்து கதையைச் சொன்னேன்.

கோபமாக நின்றுகொண்டு கேட்டவர், கொஞ்ச நேரத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆதாரோடு வந்தவரை, “கொஞ்சம் பொறுங்க, பேசிக்கினு இருக்கறோம் இல்ல?” என்று அவரே அதட்டினார். நான் மிஷினை மறந்தேன். அவள் வீட்டை விற்றது, கடலோர ஊருக்குப் போனது, ஒற்றை அறையில் குடியேறியது என்று படித்தவரைக்கும் சொல்லி நிறுத்தினேன். எத்தனை மாதமாயிற்று இப்படிப் பேசி! தொண்டை காய்ந்துவிட்டது. அண்ணி புத்தகத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“அங்கயும் தனியாதான் உக்காந்து சாப்பிடறாளா, அவளும்?”

ஆக, சக கடைக்காரர்களே, நல்ல கதைக்கு ஊரில் ஒரு காது கிடைக்க வேண்டுமென்றால், முதலில் உங்கள் வீடு விலைக்கு வந்துவிட்டதாகச் செய்தி பரவ வேண்டும்.