விபத்தில்லாத நூற்று எண்பத்தேழு நாட்கள்

தொழிற்சாலை முதலுதவி அறையில் நர்ஸாக உட்கார்ந்திருப்பவளுக்கு ஆள் வந்தாலும் கெட்ட பெயர், வராவிட்டாலும் கெட்ட பெயர். வந்தால் பாதுகாப்பு சரியில்லை என்பார்கள். வராவிட்டால் சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறாள் என்பார்கள். கும்மிடிப்பூண்டியில் இரும்பு வார்க்கும் கம்பெனி ஒன்றில் ஒன்பது வருடமாக இரண்டையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஷிப்டு சங்குக்கு ஓடி, கேன்டீன் சாம்பாரைச் சகித்து, லீவு லெட்டரோடு மேனேஜர் அறை வாசலில் நின்று பழகிய புண்ணியவான்களே, உங்களுக்குப் புரியும் என்றுதான் இதைச் சொல்கிறேன்.

தலைவலிக்காரர்

என் அறையில் ஒரு கட்டில், ஒரு ஃபேன், ஒரு மருந்து அலமாரி. கிரைண்டிங் செக்‌ஷன் எபினேசர் வாரத்துக்கு மூன்று தடவை தலைவலி என்று வருவார். மாத்திரை கொடுப்பேன், கூடவே நாலு வார்த்தை திட்டும் கொடுப்பேன். ஒருநாள் அவர் மாத்திரையை வாயில் போடாமல் சட்டைப் பையில் போடுவதைப் பார்த்துவிட்டேன். வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறீர்களா என்று பிடித்துக்கொண்டேன். மனிதர் கொஞ்சமும் அசரவில்லை.

"தலவலியே இல்ல சிஸ்டர். அங்க மிஷின் சத்தம் காதுல பூந்துக்கினு வெளிய போவ மாட்டேங்குது. இங்க வந்தா நீ திட்டறது மட்டும்தான் கேக்குது, அது நல்லாகீது."

முனுசாமியின் வெங்காயம்

கம்பெனி வாசலில் 'விபத்தில்லா நாட்கள்' என்று ஒரு பெரிய போர்டு உண்டு. தினமும் காலையில் செக்யூரிட்டி அதிலுள்ள எண்ணில் ஒன்றைக் கூட்டி மாற்றுவார். இருநூறைத் தொட்டால் நிரந்தரத் தொழிலாளர்கள் எல்லோருக்கும் ஐந்து லிட்டர் குக்கர். இடையில் என் பதிவேட்டில் வேலையில் பட்ட காயம் ஒன்று ஏறிவிட்டால் எண் பூஜ்யமாகிவிடும். நல்ல எண்ணத்தில் வைத்த போர்டுதான். ஆனால் அது வந்த பிறகு காயம் குறையவில்லை, என்னிடம் வந்து காட்டுகிறவர்கள்தான் குறைந்தார்கள்.

நூற்று அறுபதாவது நாள் வாக்கில் மோல்டிங் முனுசாமி கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். தகடு கிழித்திருந்தது. வீட்டில் வெங்காயம் நறுக்கும்போது பட்டதாக எழுதச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே எழுதினேன். அப்படி எத்தனை பேருக்கு எழுதியிருக்கிறேன் என்று நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு அதைப் பெரிய உபகாரமாக நினைத்துக்கொண்டிருந்தேன். முனுசாமி கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார்:

"என் பொண்டாட்டியாண்ட மட்டும் இதக் காட்டிடாத சிஸ்டர். ஊட்ல நான் கத்தியத் தொட்டதே இல்லன்னு சாட்சி சொல்லிடுவா."

பற்பசை வைத்தியம்

பேக்கிங் செக்‌ஷன் செல்விக்குப் பிறந்த ஊர் ஆர்.கே.பேட்டைப் பக்கம், வாழ்க்கைப்பட்டது இங்கே கவரைப்பேட்டையில். குக்கர் வந்ததும் பழையதைத் தூக்கி எறியப்போவதாக ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள். நூற்று எண்பத்தேழாவது நாள் காலை டீ நேரத்தில் ஒருவனைத் தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஒடிசாவிலிருந்து வந்து, இரும்பு உருக்கும் ஃபர்னஸில் ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் பிகாஷ். குழாயடியில் அவன் நொண்டுவதைப் பார்த்து உட்காரவைத்து விசாரித்திருக்கிறாள்.

காலில் பாலிதீன் பை சுற்றியிருந்தது. பிரித்தேன். இரும்புக் குழம்பு தெறித்து மூன்று நாள் ஆகிவிட்டதாம். ரப்பர் செருப்போடு நின்றிருக்கிறான். அறை நண்பர்கள் பற்பசையைத் தடவிவிட்டிருக்கிறார்கள். அதற்குக் கீழே சீழ் வைத்து, விரல்கள் கருத்துப்போய், வாடை அறை முழுக்கப் பரவியது.

நான் முதலில் செய்த காரியம், எழுந்துபோய்க் கதவைச் சாத்தியது. ஒப்பந்தத் தொழிலாளிக்குக் குக்கர் கிடையாது. ஆனால் அவனுக்கு அடிபட்டாலும் எண் பூஜ்யமாகும். எல்லோருடைய கோபமும் இவர்கள் இரண்டு பேர் மேலும் விழுமே என்று பயந்தேன். "எழுதாமலே கட்டு போட்டு, தெரிஞ்ச டாக்டர்கிட்ட அனுப்பிடறேன் செல்வி" என்றேன். பிகாஷும் கையெடுத்துக் கும்பிட்டு, "எழுத வேணாம் அக்கா, வலி இல்ல" என்றான். எழுதாத காயத்துக்கு லீவு கிடையாது என்பது செல்விக்குத் தெரியும். சாத்திய கதவை அவளே போய்த் திறந்துவைத்தாள்.

"நீ எழுது சிஸ்டர். எழுதலன்னா இவன் நாளிக்கும் ஃபர்னஸாண்டதான் போய் நிப்பான். குக்கர் இல்லன்னா நான் சட்டில ஆக்கிக்குவேன், கால் இல்லன்னா இவன் இன்னா பண்ணுவான்?"

எழுதினேன்.

கேன்டீனில் ஒரு மேசை

இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் விரல்களை எடுக்க வேண்டியிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மறுநாள் காலை போர்டில் பூஜ்யம். பஸ்ஸில் செல்விக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. பேக்கிங்கிலேயே வேலை பார்க்கும் வசந்தா, "ஒடிசாக்காரன் உனுக்கு இன்னா மாமனா, மச்சானா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். கேன்டீனில் ஆறு பேர் உட்காரும் மேசையில் செல்வி மட்டும். என் அறையிலேயே டப்பாவைத் திறந்து சாப்பிடுகிற வழக்கத்தை அன்றைக்கு விட்டுவிட்டு அவள் எதிரே போய் உட்கார்ந்தேன். குற்ற உணர்ச்சிதான், வேறென்ன. எல்லோருக்கும் இவ்வளவு கோபமா என்று நான் அங்கலாய்த்தேன். அவள் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னாள்:

"கோவம் வராம இருக்குமா சிஸ்டர்? குக்கர் போனதுல எனக்கே கோவம்தான்."

வரிசை

நாலாவது நாள் காலையில் என் அறை வாசலில் வரிசை நின்றது. முதல் ஆள் வசந்தா. முழங்கைக்கு மேல் துணியை ஒதுக்கிக் காட்டினாள். இரண்டு வாரத்துக்கு முந்தைய சூட்டுப் புண், பாதி ஆறி பாதி ஆறாமல். "அதான் சைபர் ஆயிடுச்சே, இனிமே போறதுக்கு இன்னா கீது? எழுதிக்கோ" என்றாள். அவளுக்குப் பின்னால் எட்டுப் பேர். எல்லாம் போர்டுக்காக மறைத்த காயம். சிலரைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. திட்டுவதுபோல் சமாளித்தேன்.

அந்த வாரப் பாதுகாப்புக் கூட்டத்தில் செல்வி எழுந்து, ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் ஷூ வேண்டும் என்று கேட்டாள். அவர்களுக்கு ஷூ தர வேண்டியது ஒப்பந்தக்காரர்தான் என்று மேனேஜர் ஆரம்பித்தார். திடீரென்று இவ்வளவு காயம் எங்கிருந்து வந்தது என்றும் என்னைப் பார்த்துக் கேட்டார். வெங்காயக் காயங்களை எழுதியது நான்தான் என்று ஒப்புக்கொண்டு மெமோ வாங்கிக்கொண்டேன். அப்போது வசந்தா, யாரும் எதிர்பார்க்காமல், செல்விக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

"காயத்த மறைச்சது நாங்க சார், அத ஒத்துக்கறோம். செருப்போட அவன ஃபர்னஸாண்ட நிக்க வுட்டது யாரு, அதையும் எழுதச் சொல்லு சிஸ்டராண்ட."

ஃபர்னஸ்காரர்கள் எல்லோருக்கும் இப்போது ஷூ இருக்கிறது, போர்டு முப்பதைத் தாண்டுவதில்லை, பதிவேட்டைப் பார்த்தால் எங்கள் கம்பெனி முன்பைவிடப் படுமோசம். அப்படி மோசமாக்கியதில் எனக்கும் ஒரு மெமோ அளவுக்குப் பங்கு உண்டு என்பதில் பரம திருப்தி.