ஹாஜியாரின் பச்சை வெளிச்சம்

அப்போதெல்லாம் அந்தக் கட்டிடத்துக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறுவது ஈரச் சுண்ணாம்பு வாசம். அடுத்ததாக நம்முடைய கையே பச்சையாகத் தெரியும்...

மன்னார்க் கடைத்தெருவில் ஹாஜியார் எழுப்பிய மூன்று தட்டுக் கட்டிடம் அது. கீழே கடைகள், நடுவில் கணக்கெழுதும் கந்தோர்கள், மேலே கப்பலுக்கு வருகிறவர்கள் தங்கும் அறைகள். இத்தனைக்கும் வெளிச்சம் வேண்டுமே? நட்டநடுவில் கிணறு மாதிரிக் கூரையில்லாத ஒரு வெளி விட்டிருந்தார். வெயில் மேலேயிருந்து விழுந்து, சுவரில் பட்டுப் பட்டுக் கீழ்க்கடைகளுக்கு இறங்கும்.

மக்காவுக்குப் போய்வந்த சந்தோஷத்தில் அந்தக் கிணறு முழுக்கப் பச்சை அடித்திருந்தார். திறப்பு விழாவுக்கு வந்த அரசாங்க ஏசண்டுத் துரையும் அண்ணாந்து பார்த்து மெச்சினார். வெள்ளைத்துரை வந்தும் வெளுக்காத சுவர் என்று நான் சொல்ல, என் அக்கா மேரி என் வாயைப் பொத்தினாள்.

அவளுக்குப் பயம். கீழ்த்தட்டின் பின்னறையில் தையல் மெசின் போட்டிருந்தாள். பெண்பிள்ளை கடைத்தெருவில் உட்காருவதா என்று முறுக்கிக்கொண்டிருந்த அப்பா, கடைசியில் ஒரு பேச்சுக்கு இறங்கியிருந்தார். கோயிலில் பிள்ளைகள் முதல் நன்மை வாங்கும்போது போடும் வெள்ளைச் சட்டைகளில் நல்ல பெயர் எடுத்தால் அறை இருக்கட்டும். ஒரு குறை வந்தாலும் மெசின் வீட்டுக்கு.

முதல் சட்டையை வாங்கிக்கொண்டு போன பள்ளிமுனை மாமி, தெருவில் கால் வைத்ததும் திரும்பி வந்தார்.

"பிள்ளை, சட்டையிலை பாசி பிடிச்சிருக்கு. கடலுக்கையோ இருந்து தைச்சனீ?"

வெளியே கொண்டுபோய்ப் பார்த்தோம். வெள்ளைச் சட்டை, தையல் முழுக்க இளம்பச்சை நூல். உள்ளே கொண்டுவந்தால் இரண்டும் ஒரே நிறம். வெளியே போனால் பாசி. அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை... ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வேண்டிய மற்றச் சட்டைகளும் அதே நூலில்தான் தைத்திருந்தாள்.

எனக்கோ இது எப்படி என்ற புதினம் தாங்கவில்லை. முகம் துடைக்கும் என் வெள்ளைக் கைலேஞ்சியை எடுத்துக்கொண்டு மேலே ஓடினேன். மேல்தட்டில் அது வெள்ளை. நடுத்தட்டில் ஒரு கந்தோர்க் கிளாக்கரின் மேசையில் விரித்தேன்... லேசான பச்சை. அவர் முறைத்ததில் நானும் கொஞ்சம் வெளுத்தேன். கீழே இறங்க இறங்கப் பச்சை ஏறியது. வெயில் சுவரில் முட்டும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நிறத்தைப் பூசிக்கொண்டு வருகிறது என்று அப்போதுதான் பிடிபட்டது.

ஹாஜியாரை அறைக்குக் கூட்டிவந்தேன். இரண்டு நூற்கட்டைகளை நீட்டி, எது வெள்ளை என்று கேட்டேன். வயதுக்கு மரியாதை இல்லாத கேள்வி என்று அக்கா கண்ணால் சுட்டாள். அவர் யோசிக்காமல் ஒன்றை எடுத்தார். தெருவுக்குக் கொண்டுபோனோம். கையில் இருந்தது பச்சை.

நூற்கட்டையை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நிய்யத்து வைச்சு, அல்லாவை நினைச்சு அடிச்ச நிறம் புள்ள. எப்பிடி அழிக்கிற?"

வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அழிக்க வேண்டாம் ஹாஜியார். தெருப்பக்கச் சுவருக்கு மாத்துங்கோ. உள்ளுக்கை ஒளிச்சு வைச்சா ஆர் பாக்கிறது?"

அவர் தாடிக்குள்ளே சிரித்தார். மறுநாள் காலையில் சுண்ணாம்பு வாளிகள் வந்தன. தெருப்பக்கம் பச்சை, கிணறு வெள்ளை.

அக்கா எல்லாத் தையலையும் பிரித்து, நூலைத் தெருவில் பார்த்துப் பார்த்துத் திரும்பத் தைத்தாள். சனிக்கிழமை அப்பா வந்தார். அறையைச் சுற்றிப் பார்த்தார். ஒரு சட்டையை வாசல்வரை கொண்டுபோய்ப் புரட்டிப் பார்த்தார். கக்கத்தில் இடுக்கியிருந்த தன் காற்சட்டையை மெசின்மேல் வைத்தார்.

"கால் நீளம். குறைச்சு விடு."

அக்கா அளவுநாடாவைத் தேடுகிற சாட்டில் திரும்பிக்கொண்டாள்.

இப்போது அந்தக் கட்டிடத்துக்கு மின்சாரம் தரும் இஞ்சின் வந்துவிட்டது. பட்டப்பகலிலும் அறைக்கு அறை பல்ப் எரிகிறது. நான் பள்ளிக்கூட விடுதியிலிருந்து விடுமுறைக்குப் போகும்போது பார்க்கிறேன், கிணற்றை அண்ணாந்து பார்க்க ஒருவரும் இல்லை. பல்ப் வெளிச்சத்தில் எல்லா வெள்ளையும் கொஞ்சம் மஞ்சள்தான்... அது எவருக்கும் புதினமாகத் தெரியவில்லை.

அக்கா மட்டும் இன்றைக்கும் நூலோடு ஒருமுறை தெருவுக்குப் போய்வந்துதான் ஊசியில் கோக்கிறாள்.