கொல்லையில் புதைத்த டால்பின்

எண்ணிக்கை சொல்கிறவர்களை நான் எளிதில் நம்புவதில்லை. இன்று காலைப் பேப்பரில் லட்சத்தீவுக் கடலின் படம் ஒன்று வந்திருந்தது. தீவுகளைச் சுற்றி நீலப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் டால்பின்களைக் கண்ட இடமாம். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு எண்ணினேன். நூற்றுப் பதினேழு வந்தது. மொத்தம் எத்தனை என்று அவர்கள் எங்கும் போடவில்லை. ஒரே கூட்டத்தை இரண்டு இடத்தில் பார்த்து இரண்டு புள்ளி வைக்கவில்லை என்பதற்கு யார் சாட்சி? மருமகளிடம் கேட்டேன். "காப்பி ஆறிப்போறது அப்பா" என்றாள். அது பதில் இல்லை.

இந்தச் சந்தேகம் எனக்கு ஐந்தாம் வகுப்பில் வந்தது. அம்மாவின் தம்பியால் வந்தது.

கரமனையில் எங்கள் வீடு நீளமானது. வாசல் தெருவில், கொல்லை ஆற்றங்கரையில். மாமா எங்களோடுதான் இருந்தார். கடலில் எங்கே என்ன மீன் கிடைக்கும் என்று ஆராயும் கப்பலில் அவருக்கு உத்தியோகம். ஆனால் மீன் அவருடைய பொறுப்பு இல்லை. டால்பின், திமிங்கலம் போன்றவை எந்தத் தீவின் பக்கம் எத்தனை இருக்கின்றன என்று பார்த்து எழுதுவதுதான் வேலை. சாப்பிடும்போது அதைப் பற்றியே பேசுவார். துள்ளிச் சுழலும் நீளமூக்கு டால்பின்கள் பகலில் தீவின் காற்றடிக்காத பக்கத்துக்கு வந்து இளைப்பாறுமாம். கடலடி திடீரென்று ஆழமாகும் இடத்துக்கு அப்பால்தான் பெரிய திமிங்கலங்களாம். ஒன்றுமே தென்படாத நேரத்தையும் விடாமல் எழுத வேண்டுமாம். இல்லாவிட்டால் கண்டதாக எழுதியதற்கும் மதிப்பில்லையாம்.

"ஒண்ணும் இல்லைன்னு எழுதறத்துக்கு ஒரு கப்பல், ஒரு உத்தியோகம்" என்பார் அப்பா. அவர் செக்ரட்டேரியட்டில் இருந்தார். யார் எழுதியதையும் இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அவருக்கு அது எழுத்து. நடுக்கடலில் மாமாவுக்குப் பின்னால் நின்று யார் சரிபார்த்தார்கள்?

அப்பாவுக்கு வேறு சந்தேகமும் இருந்தது. வாரக்கணக்கில் கப்பலில் இருக்கிறவன் எதைச் சாப்பிடுகிறான்? ஊறுகாயும் மோர்சாதமும் என்று மாமா சொல்வார். அம்மா கொடுத்தனுப்பிய வடுமாங்காய் நாற்பது. திரும்பி வந்த ஜாடியில் முப்பத்தொன்று இருந்ததை நானே எண்ணினேன். கப்பலில் ஏறினால் மாமாவுக்கு ஓயாத வாந்தி என்பது அம்மாவுக்கு மட்டும் தெரியும். அதை வெளியே சொன்னால் உத்தியோகம் போய்விடும் என்று அவள் பயந்தாள். எங்களிடம்கூட அப்போது சொல்லவில்லை. ஆகவே அப்பாவும் நானும் ஆளுக்கொரு பக்கமாக மாமாவை மோந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த வருஷம் ஸ்ரீவராகத்தில் மாமாவுக்குப் பெண் பார்த்தார்கள். நானும் போயிருந்தேன். பாட்டு முடிந்ததும் அந்தப் பெண் தலையை நிமிர்த்தி, யாரையும் கேட்காமல், நேராக மாமாவைப் பார்த்து, "டால்பின் தூங்குமோ?" என்று கேட்டுவிட்டாள். கூடத்தில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கும் என்று மாமா ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் எல்லோருடைய காப்பியிலும் ஆடை படிந்துவிட்டது. அதன்பின் மாமா தினமும் தலை வாரிக்கொண்டார். ஆபீஸ் வேறு திசையில் இருக்க, ஸ்ரீவராகம் வழியாகச் சுற்றிக்கொண்டு போனார். இதையும் நான் குறித்துக்கொண்டேன்.

நிச்சயதார்த்தத்துக்கு நாள் பார்க்கும் முன் மாமா ஒருமுறை கடலுக்குப் போய் வந்தார். கையில் ஒரு சாக்கு மூட்டை. "தீவுத் தேங்காய்" என்றார். தேங்காய் மூட்டையைக் கீழே வைத்தால் கடகடவென்று சத்தம் வர வேண்டும். இது தொப்பென்று விழுந்தது. மத்தியானம் எல்லோரும் கண்ணயர்ந்ததும் மாமா கொல்லைக்கு மண்வெட்டியோடு போனதைக் கிணற்றடியிலிருந்து பார்த்தேன். நான்காம் தென்னைக்கும் ஐந்தாம் தென்னைக்கும் நடுவில் குழி வெட்டினார். இரண்டு நாளில் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வாடை வர ஆரம்பித்தது. அப்பா மூக்கைச் சுருக்கி மாமாவைப் பார்த்தார். மாமா ஆற்றைப் பார்த்தார்.

பெண்ணின் அப்பா நாள் குறிக்க வந்தது அந்த வாடைக்கு நடுவில்தான். நல்ல மனுஷர். எதற்கும் "சாரமில்லை" என்பார், மலையாளத்தில் பரவாயில்லை என்ற அர்த்தத்தில். ரேழியில் இடம் போதாது என்று அம்மா வருந்தினாள், சாரமில்லை என்றார். அடை கொஞ்சம் தீய்ந்துவிட்டது; சாரமில்லை என்றார். பஞ்சாங்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு மூன்று நாட்களை விரல் விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது மதில் தாண்டி வந்த தெருநாய் ஒன்று, குழியைத் தோண்டி, உள்ளே இருந்ததை இழுத்துக்கொண்டு வந்து பின்கட்டு வாசலில் போட்டது.

நீண்ட மூக்கு. மேலும் கீழும் ரம்பம் போலப் பொடிப் பற்கள். அங்கங்கே கறுத்த தோல். அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"எந்தாக்கும் இது?" என்றார் அப்பா.

"டால்பினோட தலை, அத்திம்பேர்" என்றார் மாமா. "தீவுல செத்துக் கரையொதுங்கினது. மண்ணுல கொஞ்ச நாள் கிடந்தா சதையெல்லாம் போய் எலும்பு சுத்தமாயிடும். ஆபீஸ் மாடியில இருக்கு, அங்கே மண்ணே கிடையாது. அதான்..."

"தேங்காய்னு சொன்னியேடா."

"தேங்காயும் இருந்துது. ரெண்டு."

பெண்ணின் அப்பா எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். பிறகு சிரித்தார். "மீன் தலை. அவ்வளவுதானே? ஆத்தங்கரையில இருக்கறவாளுக்குக் காக்காகூடக் கொண்டுவந்து போடும். சாரமில்லை. வாத்தியாரை விளிச்சு ஒரு புண்யாகவசனம் பண்ணிட்டாப் போறது. பகவானே முதல்ல மீனாத்தானே வந்தார்?"

அப்பாவும் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அம்மா காப்பியை மறுபடி சூடு பண்ண உள்ளே திரும்பினாள். மாமா வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும்.

"மீன் இல்லை" என்றார் மாமா.

"எந்தா?"

"டால்பின் மீன் இல்லை. எல்லாரும் அப்படித்தான் நினைச்சிண்டிருக்கா. அது நம்மளைப் போல மூச்சு விடும். குட்டி போடும். பால் குடுக்கும்."

"டேய், சும்மா இரு" என்றார் அப்பா.

"பால் குடுக்குமா?" பெண்ணின் அப்பா இப்போது சிரிக்கவில்லை. "பசு மாதிரியா?"

மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. தன் வேலையைப் பற்றி எங்கள் வீட்டில் முதன்முதலாக ஒருவர் சரியான கேள்வி கேட்டிருக்கிறார் அல்லவா? "பசு மாதிரியேதான். சொல்லப்போனா மீனைவிடப் பசுவுக்குத்தான் இது கிட்டின சொந்தம். இது பெண்ணாக்கும். பால் சுரந்துண்டிருந்தது."

மீன் என்றால் தீட்டு. தண்ணீர் தெளித்தால் போய்விடும். பால் கொடுக்கும் தாயின் தலையை வெட்டிக் கொண்டுவந்து, பெண் வாழ வரப்போகும் வீட்டின் கொல்லையில் புதைத்தால், அதற்கு என்ன பரிகாரம்? தண்ணீரில் வாழும் பசுவைப் பற்றி வாத்தியார்களின் சாஸ்திரத்தில் என்ன சொல்லியிருக்கும்?

பெண்ணின் அப்பா துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு இந்தச் சம்பந்தத்தை விட மனசில்லை என்பது எனக்கே தெரிந்தது. மாமாவின் பக்கத்தில் போய், குரலைத் தாழ்த்தி, "நன்னா யோசிச்சுச் சொல்லுங்கோ" என்றார். "ஊரெல்லாம் மீன்னுதான் சொல்றா. நீங்களும் மீன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கோ. எனக்கு அது மதி, வேறொண்ணும் வேண்டாம். ஆத்துல போய் நான் அதையே சொல்லிக்கறேன். அவ உங்களுக்காகக் காத்திண்டிருக்கா."

மாமா கீழே கிடந்த தலையைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். அம்மா அடுக்களை வாசலில் கையில் டபராவோடு நின்று, மாமாவைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினாள், சொல்லிவிடு என்பதுபோல.

"மீன் இல்லையே" என்றார் மாமா. எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

பெண்ணின் அப்பா பஞ்சாங்கத்தை மூடி எடுத்துக்கொண்டார். இந்த முறை சாரமில்லை என்று சொல்லவில்லை.

அவர் தெருமுனை திரும்பும்வரை காத்திருந்துவிட்டு அப்பா, "வேணும்னே பண்ணியிருக்கான்" என்றார். "அந்தத் தீவுல எவளோ இருக்கா. இல்லாட்டா ஒரு வார்த்தை சொல்ல வாய் வலிக்குமா?" அப்பா சொன்னதில் நியாயம் இருப்பதாக எனக்குப் பட்டது. பிடிக்காத கல்யாணத்திலிருந்து தப்பித்தவனின் முகம் சந்தோஷமாக இருக்க வேண்டும். அதைப் பார்த்துவிடலாம் என்று கொல்லைக்குப் போய் வைக்கோல் போருக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

மாமா அந்தத் தலையைக் கிணற்றடியில் கழுவி மடியில் வைத்துக்கொண்டு துவைகல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு ஈர்க்குச்சி. பற்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணிக்கை என்றால் எனக்கு விட்டுப்போகுமா? நானும் கூடவே எண்ணினேன். கீழ்த்தாடையின் ஒரு பக்கம், எனக்குச் சரியாக ஐம்பத்திரண்டு. மாமா நாற்பத்தொன்பது என்றார். மறுபடி முதலிலிருந்து தொடங்கினார், ஐம்பத்தைந்து என்றார். மூன்றாம் தடவை இருபதுக்கு மேல் போகவே இல்லை. குச்சி ஒரே பல்லின் மேல் நின்றுவிட்டது. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, திரும்பவும் ஒன்று என்று ஆரம்பித்தார். அந்த வாடைக்கு யாருக்கும் கண்ணில் தண்ணீர் வரும்.

நான் உள்ளே ஓடினேன்.

"மாமாவுக்கு எண்ணவே தெரியலை அப்பா" என்றேன். "மடியில அசையாம இருக்கற பல்லையே எண்ண வரலை. ஓடற டால்பினை எப்படி எண்ணியிருப்பார்?"

"எனக்கு அப்பவே தெரியும்" என்றார் அப்பா.