அத்தானின் ராட்சதப் பல்

பல் மருத்துவமனையின் பின்னறையில் உட்கார்ந்து பல்செட் கட்டுவதுதான் அவளுக்கு வேலை. தெரிந்தவர்கள் வைத்த பட்டப்பெயர் பல்லழகி. கண்டவர் வாயிலிருந்தும் வரும் அச்சுகளைக் கழுவிக் கழுவி அவளுக்கு அருவருப்பு என்பதே மரத்துப்போயிருந்தது. அதைத் திரும்பக் கொண்டுவந்தவர் அக்காவின் வீட்டுக்காரர்.

அத்தான் எபிரேயம் படித்தவர். சும்மா சொல்லக் கூடாது, வருடக்கணக்கில் தனியாக உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தவர். வாடகை மண்டபத்தில் கூட்டம் வைத்து, வேதாகமத்தில் வரும் ராட்சதர்களைப் பற்றிப் பேசுவார். மூலத்தில் அவர்களுக்கு நெபிலிம் என்று பெயர். 'நஃபல்' என்றால் விழுவது, அந்த வேரிலிருந்து வந்திருக்கலாம் என்பார். வானத்திலிருந்து விழுந்தவர்கள் என்று சிலர் பொருள் சொல்கிறார்கள், மற்றவர்களை விழவைத்தவர்கள் என்று வேறு சிலர். கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்கள் ராட்சதர் என்று எழுதிவிட, அதுவே நிலைத்துவிட்டதாம்.

"அந்த வேர்ச்சொல்லுல உயரமே இல்லம்மா. நாமதான் வளத்து விட்டுட்டோம்" என்று ஒருநாள் அவளிடம் சொன்னார். அன்று அவர்மேல் அவளுக்கு வந்த மரியாதை கொஞ்சநஞ்சமல்ல.

ஆனால் கூட்டத்துக்கு வந்தது நாலு பேர். அதிலும் இரண்டு பேர் மின்விசிறிக்காக வந்தவர்கள்.

குழந்தைத் தலை அளவுக்கு ஒரு கடைவாய்ப் பல் செய்து தரச் சொன்னார் அத்தான். சும்மா காட்டத்தான் என்றார். மாதிரிக்கு அலமாரியில் அம்மாவின் பல் அச்சு இருந்தது. அதிலிருந்த ஓரம் உடைந்த கடைவாய்ப் பல்லைப் பார்த்தே செதுக்கினாள். உள்ளே பழைய காகிதத்தைத் திணித்து, மேலே பிளாஸ்டர் பூசி, டீத் தண்ணீரில் ஊறவைத்துப் பழுப்பேற்றினாள்.

இதற்கிடையில் அம்மாவின் அதே பல்லில் சீழ் கட்டியது. உடனே பிடுங்காவிட்டால் கழுத்துக்கு இறங்கிவிடும், அப்புறம் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர். அம்மா நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள்.

அடுத்த மாதக் கூட்டத்தில் மண்டபம் நிரம்பி வழிந்தது. பாலைவனத்தில் தோண்டி எடுத்த நிஜப் பல் என்று அத்தான் தூக்கிக் காட்டினார். பல் போனால் சொல் போச்சு என்பார்கள். அங்கே பல் வந்ததும் சொல் போயிற்று. நஃபல் என்று அவர் வாய் திறக்கவே இல்லை. சனங்கள் வரிசையில் வந்து அதை முத்தமிட்டார்கள், ஒருவர் எச்சில் காய்வதற்குள் அடுத்தவர். அம்மா அதை முத்தமிட்டு, தன் வீங்கிய தாடையில் தேய்த்துக்கொண்டாள். பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு மரத்துப்போன அருவருப்பு திரும்பி வந்தது.

வலி போய்விட்டது, இனி எவனும் என் பல்லைத் தொட வேண்டாம் என்று அம்மா அந்தப் பல்லை வீட்டுக்கே வாங்கி வந்துவிட்டாள். மறுநாள் காய்ச்சல். வாய் பாதிதான் திறந்தது; திறந்தபோது அடித்த நாற்றத்தில் அக்கா எழுந்து போய்விட்டாள்.

பல்லழகி மருத்துவமனைக்கு ஓடிப்போய் அச்சை எடுத்துவந்து ராட்சதப் பல்லின் பக்கத்தில் வைத்தாள். "பாரும்மா, அதே உடைசல். இது உன் பல்லு. நான்தான் செஞ்சேன்."

அம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "அப்போ நானும் அந்த வம்சம்தான்டி."

அம்மாவைப் பார்க்க வந்திருந்த அத்தான், அத்தை சொல்வதிலும் ஒரு விஷயம் இருக்கிறது என்றார். அடுத்த கூட்டத்தில் அம்மாவை மேடையில் உட்கார வைத்தால் என்ன என்றும் கேட்டார்.

"விழ வைக்கிறவங்கன்னு சொன்னீங்களே அத்தான், அது யாருன்னு இப்பத்தான் தெரியுது."

அவர் இளித்தார். அவள் சுத்தியலை எடுத்து ஒரே போடு போட்டாள். பல் பிளந்தது. டீயில் ஊறிய காகிதம் பூஞ்சை பிடித்து, கறுத்து, கொழகொழவென்று வெளியே வந்தது.

அம்மா தன் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு துப்பினாள். சீழும் இரத்தமுமாக விழுந்தது. துப்பியது பல்லைப் பார்த்தா, மாப்பிள்ளையைப் பார்த்தா, செய்து கொடுத்த மகளைப் பார்த்தா என்று தெரியவில்லை. மூன்றுக்கும் தகும் என்றே மகளுக்குப் பட்டது.

"டாக்டர் இருப்பாராடி?" என்று அம்மா செருப்பைத் தேடினாள்.

கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு படியிறங்கும்போது அவள் திரும்பிப் பார்த்தாள். அத்தான் தரையில் குனிந்து துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இது ஒட்டுமா?" என்றார்.