மோரீன் வீட்டுக்குள் வந்த குருவி

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு காலை. பக்கத்து வீட்டு மோரீன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டார். முகத்தில் ரத்தமே இல்லை. வீட்டுக்குள் குருவி புகுந்துவிட்டதாம்.

குருவிதானே... விரட்டினால் போகிறது. இதற்கா இந்த முகம்?

மோரீன் அயர்லாந்துக்காரர். ஆக்லாந்தில் எங்கள் பிளாக்ஹவுஸ் பே பகுதிக்கு வந்து எத்தனையோ வருஷமாகியும், பறவை விஷயத்தில் அவருக்கு அவர் ஊர்ச் சட்டம்தான். பார்க்கில் மேக்பை என்ற கறுப்பு வெள்ளைப் பறவை தனியாக நின்றால் கெட்ட சகுனம். சல்யூட் வைத்து, ‘உங்க வீட்டம்மா சௌக்கியமா?’ என்று அதனிடம் விசாரித்துவிட்டுத்தான் நகர்வார். ராபின் என்ற செந்நெஞ்சுக் குருவியைக் கொன்றவன் கை காலத்துக்கும் நடுங்குமாம். அதே ராபின் வீட்டுக்குள் வந்தால் — அங்கே ஒரு சாவு. அவருடைய அப்பா போவதற்கு முன்னால் வந்ததாம்.

எங்கள் ஏரியாவில் ராபின் ஏது? அதன் டியூட்டியைப் பார்க்கச் சிட்டுக்குருவி வந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார்.

காரணம் இருந்தது. கணவர் டெனிஸ் ஆஸ்பத்திரியில். மறுநாள் இதய ஆபரேஷன். தள்ளிப்போட்டால் ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். மோரீனோ, ஆபரேஷனே வேண்டாம் என்று டெனிஸிடம் சொல்லப் போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். அவர் சொன்னால் டெனிஸ் கேட்டுவிடுவார்!

நான் ஐந்தாம் கிளாஸைத் தாண்டாதவன். மூட்டை தூக்க ஆரம்பித்து, ஆக்லாந்தில் சொந்த மளிகைக் கடை போட்டவன். பெரிய படிப்பு படித்தவர்களே என்னிடம் யோசனை கேட்பார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை... சரி, பெருமைதான்.

முதலில் நம் ஊர்ச் சட்டத்தை எடுத்துவிட்டேன். நம் பக்கம் குருவி வீட்டுக்குள் கூடு கட்டினால் லட்சுமியே வந்த மாதிரி. குஞ்சு பறக்கிறவரை ஃபேனைக்கூடப் போடாமல் வியர்த்துக் கிடப்போம்.

மோரீன் பொறுமையாகக் கேட்டார்.

“அது உங்க வீட்டுக்கு வந்தா, முத்து. இது என் வீட்டுக்கு வந்திருக்கே.”

நியாயமான பேச்சு. சிரிக்க எனக்கு என்ன தகுதி? புதுக் கார் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியவன்தானே நானும்?

உள்ளே போய்த் திரைகளை இழுத்து அறையை இருட்டாக்கினேன். குருவி அலமாரி மேல் உட்கார்ந்தது. துண்டைப் போட்டு மெதுவாக அமுக்கினேன். கைக்குள் படபடவென்று அடித்துக்கொண்டது.

“இனி இது எங்க வீட்டுக் குருவி. நல்லதோ கெட்டதோ, எங்களுக்கு” என்று சொல்லிவிட்டு, வேலியைச் சுற்றி எடுத்து வந்து எங்கள் ஹாலுக்குள் பறக்கவிட்டேன். மோரீன் தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

என் மனைவி சரஸ்வதி கதையை முழுசாகக் கேட்டாள்.

“அந்தம்மா வீட்டு எமனைத் துண்டுல சுத்தி நம்ம வீட்டுக்குக் கொண்டாந்தீங்களாக்கும்?”

சொல்லிக்கொண்டே போய் ஃபேனை அணைத்தாள்.

டெனிஸ் போன வாரம் வீடு திரும்பிவிட்டார். இளைத்திருக்கிறார், டீயில் சர்க்கரை போதவில்லை என்று மோரீனிடம் சண்டை பிடிக்கிறார். பிழைக்கவைத்தது டாக்டர், குருவி இல்லை — எனக்குத் தெரியாதா? ஆனால் பயந்து நிற்கிறவருக்கு எந்த விளக்கமும் ஏறாது. அந்தப் பயத்தை யாராவது கொஞ்ச நேரம் வாங்கி வைத்துக்கொண்டால் போதும்.

எனக்கா, பயமா? சேச்சே... குருவி வந்த மறுநாளே கிளினிக்குக்குப் போய் பிபி பார்த்துக்கொண்டது வேறு விஷயம்.