முள் பாதியில் நின்ற கேசட்

ஸ்பீக்கரின் அட்டை அனலில் காயும்போது என்ன வாசம் வரும் தெரியுமா? ஈரமான அட்டைப்பெட்டியை அடுப்போரம் வைத்தால் வருமே... கொஞ்சம் பசை, கொஞ்சம் புகை. அதுதான்.

இயர்போனில் பேஸ், அதாவது அடித்தொனி, எப்படி இருக்கிறது என்று காதால் கேட்டுச் சொல்வதா, கிராஃபைப் பார்த்துச் சொல்வதா என்று நம்ம ஆடியோ குரூப்பில் கொஞ்ச நாளாகச் சண்டை. என் மகன் கிராஃப் கட்சி. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வாசம்தான் வருகிறது.

சிலோனிலிருந்து வந்து, நீலகிரியில் கட்டபெட்டுப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் லயத்தில் குடியேறிய புதிது. குடியுரிமை எனக்கும் அம்மாவுக்கும் இந்தியா என்று வந்தது. அண்ணனுக்கு அங்கேயே என்று ஆனது. ஒரே குடும்பத்தை அப்படித்தான் பிரித்தார்கள். அண்ணன் தப்பு, அதாவது பறை, அடிப்பவன். காலையில் வேலைக்குக் கூப்பிடும் பெரட்டுத் தப்பிலிருந்து கோயில் திருவிழா வரை அங்கே அவன் கைதான்.

எங்களுக்குப் பிறகு வந்த உறவுக்காரர் ஒருவர் அண்ணன் கொடுத்த கேசட்டைக் கொண்டுவந்தார். "நான் நல்லா இருக்கேன்மா, யோசிக்காதீங்க" என்று ஒரு வரி. பிறகு திருவிழாத் தப்பு.

அம்மா பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. தப்பைக் கேட்டதும் முகம் சுருங்கிவிட்டது.

"அடி விழவே இல்லையேடா. புள்ளைக்கு மேலுக்கு முடியல. மறைக்கிறான்."

சின்ன டேப்ரெக்கார்டர், இதில் பேஸ் எங்கிருந்து வரும் என்றேன். கேட்கவில்லை. சோறும் இறங்கவில்லை.

ஃபாக்டரியில் என்னோடு வேலை பார்த்த பழனிசாமிக்கு லீவு நாளில் மைக்செட் தொழில். கோயமுத்தூர்ப் பக்கத்துக் குடும்பம். நான் கூப்பிட்டதும் பெரிய ஸ்பீக்கரையும், சத்தத்துக்கு ஏற்ப மீட்டரில் முள் ஆடும் ஆம்ப்ளிஃபயரையும் தூக்கிக்கொண்டு வந்தான். முதலில் அவனுடைய மேளக் கேசட்டைப் போட்டான். முள் கடைசி வரை பாய்ந்தது. அண்ணன் கேசட்டைப் போட்டான். பாதியிலேயே நின்றுவிட்டது.

"ஸ்பீக்கர் நல்லாத்தானுங்க இருக்குது. அடிதான் அவ்வளவுங்கம்மா," என்றான் வெள்ளந்தியாக.

ஆறுதலுக்குக் கூப்பிட்டால் அம்மாவின் பயத்துக்கே சாட்சி சொல்கிறான்! எனக்கு வந்த கோபத்துக்கு...

அம்மா ஸ்பீக்கரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"காய வச்சீங்களா?"

மலையில் பனிக்குத் தோல் தொய்ந்துவிடும். தப்பை அனலில் காட்டாமல் யாரும் அடிக்கமாட்டார்கள். அம்மா ஸ்பீக்கரையும் அப்படித்தான் நினைத்தார்.

பழனிசாமி பதறினான். "ஏனுங்கம்மா, அட்டை கருகிப் போயிருமுங்க!" ஆனாலும் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்பீக்கரைக் கழற்றிக் கொடுத்தான். அம்மா அதை அனலுக்கு மேல் திருப்பித் திருப்பிக் காட்டினார். விரலால் மெல்லத் தட்டிப் பார்த்தார்.

மறுபடி போட்டோம்.

"இதுதான்டா அவன் கை," என்று அம்மா சிரித்தார். அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டார்.

முள் அதே பாதியில்தான் நின்றது. பழனிசாமி என்னைப் பார்த்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து மீட்டர் மேல் போட்டான். அதற்காகவே அவனை எனக்கு இன்றும் பிடிக்கும்.

அம்மா போய் வெகுகாலம் ஆகிவிட்டது. அண்ணனும் நானும் இப்போது வீடியோ காலில் பேசிக்கொள்கிறோம். போன மாதம் இந்தக் கதையைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை...

"அப்ப எனக்குக் காய்ச்சல்டா தம்பி. எந்திரிக்க முடியல. கேசட்டுல தப்பு இல்லன்னா அம்மா பயந்துரும்னுதான் தப்பத் தூக்கிட்டுப் போய் அடிச்சேன்."

மகன் அந்தக் கேசட்டைப் போனில் ஏற்றித் தந்திருக்கிறான். நல்ல இயர்போன், கிராஃபும் அருமையாம். நேற்று கேட்டேன். அடி தளர்ந்துதான் இருக்கிறது. இப்போது தெளிவாகவே தெரிகிறது.

முள்ளும் சரி. அம்மா முதலில் கேட்ட காதும் சரி. அனலில் காட்டிய பிறகு அம்மாவுக்கு என்ன கேட்டது என்பதுதான் எனக்கு இன்றுவரை தெரியவில்லை...

இயர்போனைக் கழற்றி, உள்ளங்கையில் கொஞ்ச நேரம் பொத்திச் சூடாக்கிவிட்டு, மறுபடி போட்டுக்கொண்டேன்.